ஏழாயிரம் அடிக்கு ஒரு பதில்

மார்ச் 3, செவ்வாய்

யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம்தான் மற்றது எழுத வரும்.

காலை 8.41. வடக்கிலிருந்து தென்முனை 318 விமானம் இறங்கி வந்துகொண்டிருந்தது. நான்காயிரம் அடிவரை இறங்கலாம் என்று முன்பே அனுமதி கொடுத்திருந்தேன். அதற்குள் எங்கள் ஓடுபாதையிலிருந்து இன்னொரு கம்பெனி விமானம் கிளம்பி ஆறாயிரம் அடிக்கு ஏறத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே வழி. அதனால் 318-ஐ ஏழாயிரம் அடியிலேயே நிற்கச் சொன்னேன். இருபத்தொரு வருடமாக இதுதான் என் வேலை. ராடார் திரையின் முன் உட்கார்ந்து, நீ இந்த உயரம், நீ இந்தத் திசை என்று ஒவ்வொருவருக்கும் சொல்வது.

318 நிற்கவில்லை. ஆறாயிரத்து எண்ணூறு, ஆறாயிரத்து ஐந்நூறு என்று இறங்கிக்கொண்டே இருந்தது. திரையில் இரண்டு எண்களும் சிவப்பானபோது நான் பேசுவதற்குள் விமானத்திலுள்ள எச்சரிக்கைக் கருவி முந்திக்கொண்டது. 318 சட்டென்று மேலே திரும்பியது. இரண்டுக்கும் இடையில் முந்நூறு அடி உயர வித்தியாசம். இரண்டிலுமாக நூற்று நாற்பத்தொரு பேர்.

இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. 318-இல் தள்ளுவண்டியோடு நடுவழியில் நின்ற பணிப்பெண் மட்டும் விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் முறிவாம். பெயர் ஷெரின், வயது இருபத்து நான்கு.

9.05-க்கு என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். மூச்சு ஊதச் சொல்லி மதுச் சோதனை செய்தார்கள். விதிப்படி செய்வதுதான், நானே மற்றவர்களுக்குச் செய்வித்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் குழாயை வாயில் வைத்தபோது அவமானமாக இருந்தது.

மார்ச் 4, புதன்

எழுத்து வாக்குமூலம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். நான்கு முறை அடித்து எழுதினேன். முக்கியமான வரி இது: "ஏழாயிரம் அடியில் நிற்கும்படி 318-க்குக் கூறினேன். அது வழக்கமான முறையில் ஏற்றுக்கொண்டது."

எங்கள் பொறுப்பதிகாரி கண்ணப்பன் சார் படித்துவிட்டுக் கேட்டார்: "வழக்கமான முறைன்னா என்னம்மா?"

"ரெண்டு தட்டு சார்."

மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விடுவது. எங்கள் காதில் டக், டக் என்று கேட்கும். சரி, புரிந்தது என்று பொருள். சட்டப்படி விமானி நான் சொன்ன எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் சரியாகச் சொல்கிறாரா என்று நான் காது கொடுக்க வேண்டும். ஆனால் காலை எட்டிலிருந்து பத்துக்குள் பதினெட்டு விமானம் என்றால் ஆளாளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 318-இன் கேப்டன் டைட்டஸுக்கு இந்தத் தட்டுகிற பழக்கம் உண்டு.

கண்ணப்பன் சார் வேறெதுவும் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை எனக்குப் பணி கிடையாது.

மார்ச் 5, வியாழன்

முத்தரசிக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. "லீவு போட்டியாம்மா எனக்காக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 7, சனி

ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தில்லியிலிருந்து வந்த மூன்று பேர் குழு. தலைவர் பத்மநாபன் என்பவர், அதிகம் பேசாதவர். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

என் குரல் தெளிவாக இருந்தது. அதில் எனக்குத் திருப்தி. ஏழாயிரம் என்பதை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஏழாவது வினாடியில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகு நான் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன்.

பத்மநாபன் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் முறை போட்டபோது, 318-க்குப் பேசுவதற்கு ஐந்து வினாடி முன்னால் நான் வேறொருவருக்கும் பேசியிருப்பதைக் குறித்துக்கொண்டார். பறக்கும் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானம். ஏரிக்குத் தெற்கே இரு, வடக்கே வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

"இதற்குப் பதில் எங்கே?" என்று கேட்டார்.

"தெற்கே திரும்பியதைத் திரையில் பார்த்தேன் சார்" என்றேன். அது உண்மை. பார்த்தேன்.

அந்த விமானத்தில் இருந்த பயிற்சி ஆசிரியரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தட்டினாரா இல்லையா நினைவில்லை என்றாராம். கேப்டன் டைட்டஸ், நான் தட்டவே இல்லை, காதில் கீச்சென்ற சத்தம்தான் கேட்டது, வேறு யாருக்கோ என்று விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எல்லாருக்கும் அவரவர் நினைவு அவரவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன். இரண்டு வருடத்து ஊறுகாய் ஒன்று பின்னால் கிடந்தது.

மார்ச் 9, திங்கள்

கேப்டன் டைட்டஸை நான் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக வாரத்துக்கு நான்கு காலை அவர் குரலைக் கேட்டிருக்கிறேன். ஜலதோஷம் பிடித்திருந்தால் தெரியும். முதல் "வணக்கம் மேடம்" வரும்போதே அன்றைக்கு அவர் மனநிலை தெரிந்துவிடும். நாகர்கோவில்காரர். ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார் என்று அவரே ஒருநாள் சொன்னார்.

புதிதாக வந்தபோது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு வருடத்தில் சரியாகிவிட்டார்.

இப்போது அவரையும் பறக்க விடவில்லை. உத்தரவைக் கேட்டு, ஏற்று, மீறினார் என்பதுதான் அவர்மேல் வரப்போகிற குற்றம். நாற்பது வருடம் பறந்தவருக்கு அந்த வரிதான் கடைசி வரியாக நிற்கும் என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களாம். கண்ணப்பன் சார் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சமையல் கேஸ் தீர்ந்தது. இயற்பியல் பரீட்சை கஷ்டமாம். கத்தரிக்காய் தீய்ந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். போயிருக்க வேண்டாம். ஆனால் வீட்டில் இருந்தால் சுவர்தான் பேசுகிறது.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. கழுத்திலிருந்து இடுப்புவரை பட்டை போட்டு மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவள் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் விமான நிலைய டவரில் இருந்து வருகிறேன் என்றதும் ஷெரின் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீங்கதானா மேடம்? கேப்டன் சொல்லுவாரு. அந்தம்மா குரல் கேட்டாப் போதும், வீட்டு வாசல் வந்த மாதிரின்னு."

அவர் தினமும் வருகிறாராம். சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து, அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாராம். அவள் கால் விரல் அசைகிறதா என்று தினமும் பார்ப்பாராம். இடது கால் இன்னும் சரியாக வரவில்லை.

அம்மா தட்டு கழுவ வெளியே போனதும் ஷெரின் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மேடம், ஒண்ணு கேக்கலாமா? கம்பெனியில எல்லாரும் அவர் கேட்டுட்டு மறந்துட்டாருன்னு சொல்றாங்க. அவரு கேக்கவே இல்லைன்னு எங்கிட்ட சொல்றாரு. என்னைப் பாத்து, கண்ணைப் பாத்துச் சொல்றாரு. எனக்கு அவரு அப்பா மாதிரி. பொய் சொல்றாரோன்னு நெனைக்கவே கஷ்டமா இருக்கு. நீங்கதான் சொன்னது. உங்களுக்குத் தெரியும்ல. அவரு கேட்டாரா?"

"டேப்புல ரெண்டு தட்டு இருக்கும்மா" என்றேன்.

"தட்டுன்னா கேட்டேன்னு அர்த்தமா?"

"வழக்கமா அப்படித்தான்."

அவள் பார்வையை மேலே மின்விசிறிக்குத் திருப்பினாள். "சரி மேடம்" என்றாள்.

நான் வாங்கிப் போன ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

நான் பொய் சொல்லவில்லை. டேப்பில் இரண்டு தட்டு இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

ஷெரினின் அம்மா போன் செய்தார். எண்ணை நான்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று.

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே அவரை வரவேண்டாம்னுட்டா மேடம். மூஞ்சியக் கூடத் திருப்பல. அவரு கொஞ்ச நேரம் நின்னாரு, அப்புறம் பேப்பரை மட்டும் வச்சிட்டுப் போயிட்டாரு. இப்பவும் தெனம் நாலு மணிக்கு வாராரு. கீழேயே உக்காந்துட்டுப் போயிடறாரு. வாட்ச்மேன் சொன்னான். நீங்க கொஞ்சம் இவகிட்டப் பேசுங்களேன். எனக்கு அவரப் பாத்தா பாவமா இருக்கு. ஆனா பொய் சொன்னவருன்னு இவ அழுறா."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாவு அரைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் போட்டிருக்கிறேன். முத்தரசி ஒன்றும் சொல்லாமல் தோசையைத் தின்றாள். பரீட்சைக்காரி, அவளுக்கு நல்ல சாப்பாடுகூடப் போட வக்கில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கோவில்பட்டியில் எதிரெதிர்த் தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவ்வளவாகப் பேசமாட்டார். காலையில் இவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன். நேருக்கு நேராக முகம் பார்த்துச் சொல்ல வரவில்லை.

இங்கும் எழுதிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலை. பனி விலகத் தாமதமாகி ஆறு விமானம் வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தது. டைட்டஸ் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கேப்டன், என் நேரத்தைச் சாப்பிடாதீங்க. ரெண்டு தட்டு தட்டுங்க, எனக்குப் புரியும்" என்று அலைவரிசையிலேயே சொன்னேன். எல்லா விமானமும் கேட்டுக்கொண்டிருந்தது.

தரையிறங்கியபின் அவர் டவருக்குப் போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னீங்கன்னு செஞ்சேன். ஆனா சட்டத்துல அப்படி இல்லையே. ஒருவேளை நான் தப்பாக் கேட்டிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் சிரித்தேன். "என் அலைவரிசையில நான்தான் கேப்டன் சட்டம்" என்றேன்.

அந்த மாதத்திலிருந்து அவர் தட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள். பிறகு பயிற்சிப் பள்ளிக்காரர்களும். ஒரு மணி நேரத்தில் அதிக விமானம் இறக்குகிறவள் என்று எனக்குப் பெயர் வந்தது. குடியரசு நாளில் மேலதிகாரி சால்வை போர்த்தினார். ஒலிப்பதிவு முப்பது நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஏழு வருடத்துக்கு முந்திய அந்தக் காலை எந்த டேப்பிலும் கிடையாது. அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

தட்டுக்குப் பெயர் கிடையாது. இந்த மார்ச் மூன்றாம் தேதி நான் ஐந்து வினாடி இடைவெளியில் இரண்டு பேருக்கு இரண்டு உத்தரவு சொன்னேன். ஒரே ஒரு ஜோடித் தட்டு வந்தது. அதை எனக்கு வேண்டியவர் கணக்கில் வைத்துக்கொண்டேன். முதல்முறை டேப்பைக் கேட்டபோதே இது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே தெரிந்திருக்கும். வாக்குமூலத்தை எதற்கு நான்கு முறை அடித்து எழுதினேன்?

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மனுசன் அங்க இதச் சொல்லலியா?"

"இன்னும் சொல்லல."

"நீயும் சொல்லல."

"சொன்னா வேலை போகும். இல்லாட்டி அந்த நாற்காலி போகும். ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு."

"நாங் கம்பத்துல ஏறுறவன் செம்பா. கீழ நிக்கிறவன் லைன் ஆப்புன்னு சொன்னாத்தான் கம்பியில கை வைப்பேன். அவன் ஆப் பண்ணுனானா இல்லியான்னு எனக்கு மேல இருந்து தெரியாதுல்லா" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு இவர்மேல் கோபம் வந்தது. சாயங்காலம்வரை இருந்தது.

மார்ச் 23, திங்கள்

கண்ணப்பன் சார் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம்.

"உனக்கு ஒண்ணும் வராது போலிருக்கும்மா. கேப்டன் புதுசா எழுதிக் குடுத்திருக்கார். தட்டுறது தன்னோட சொந்தப் பழக்கமாம், சின்ன ஏர்போர்ட்டுகள்ல பறந்த காலத்துல வந்ததாம். வயசுல மூத்தவர்னு மேடம் கண்டிக்காம விட்டுட்டாங்க, அவங்கமேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்கார். கேக்கலைங்கிறதுல மட்டும் பிடிவாதமா நிக்கிறார். அத யாரு நம்புவா? உனக்குப் பத்து நாள் மறுபயிற்சி குடுத்து உக்கார வச்சிருவாங்க. புதன்கிழமை கூப்பிடுவாங்க. எழுதிக் குடுத்ததையே திருப்பிச் சொல்லிட்டு வந்துடு."

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் எழுதவில்லை, நிம்மதிதான். ராடார் திரையின் பச்சை வெளிச்சம்கூடக் கண்ணுக்குள் வந்தது. சோறு நன்றாகச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான், அவர் எதற்காக அப்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் அவருக்கு என்ன செய்திருக்கிறேன்?

மார்ச் 25, புதன்

விசாரணை எங்கள் நிலையத்துக் கூட்ட அறையில்தான். வெளியே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஒல்லியாக, வழுக்கையாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பயணிகளில் யாரோ என்று நினைத்தேன். அட்டெண்டரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

பெரியவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். "மேடம்" என்றார்.

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக நான் மனத்தில் வைத்திருந்தவர் உயரமானவர், அடர்ந்த மீசைக்காரர். இவருக்கு என் தோள் உயரம்தான்.

"வணக்கம் கேப்டன்."

"நாம பேசிக்கிடக் கூடாதாம்."

"ஆமா."

"அப்போ நான் மட்டும் சொல்லுதேன். நீங்க பதில் சொல்லாண்டாம். நான் எழுதிக் குடுத்தாச்சு. நான் போற காலம். உங்களுக்குப் பிள்ளை படிக்குது, இன்னும் பதினேழு வருசம் சர்வீசு கெடக்கு. மாத்தி ஒண்ணும் சொல்லாதீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷெரினைப் பாத்தீங்களாமே. கால் அசைக்குதாளா? என்னைய உள்ள விடமாட்டேங்கிறா. பொய் சொல்லுதேன்னு நெனைக்கா. அதுதான் மேடம் தாங்க முடியல. மத்தது போட்டும்."

கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

பத்மநாபன் என் வாக்குமூலத்தைக் கையில் வைத்திருந்தார். இதில் ஏதாவது சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமா என்று கேட்டார். சம்பிரதாயக் கேள்விதான். அடுத்த காகிதத்தை எடுக்க அவர் கை போய்விட்டது.

"சேர்க்கணும் சார்" என்றேன்.

மார்கழிக் காலையைச் சொன்னேன். போனில் சிரித்ததைச் சொன்னேன், சட்டம் என்று சொன்னதையும். இரண்டு உத்தரவுக்கு ஒரு பதில் வந்ததைச் சொன்னேன். "அந்தத் தட்டு யாருடையதென்று எனக்குத் தெரியாது சார். அன்றைக்கும் தெரியாது. 318 கேட்டதா என்று நான் பார்க்கவே இல்லை. கேட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்" என்றேன். குரல் நடுங்கியது. டேப்பில் என் குரல் நடுங்கி நான் கேட்டதே கிடையாது.

"ஏழு வருடத்துக்கு முந்தியதற்குச் சான்று உண்டா?"

"இல்லை. அவரும் நானும்தான்."

"அவர் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறாரே."

"எனக்காக எழுதியிருக்கிறார்."

"முதல் வாக்குமூலத்திலேயே நீங்கள் ஏன் இதைச் சொல்லவில்லை?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும் என்று நினைத்தேன், வேறென்ன. ஆனால் அதை அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. "பயம் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

டைட்டஸை உள்ளே கூப்பிட்டார்கள். நான் சொன்னதை வாசித்துக் காட்டி, உண்மையா என்று கேட்டார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. குரல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவர்தான் பேசவில்லையே. பிறகு குழுவின் பக்கம் திரும்பி "ஆமா சார்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் பயிற்சிப் பள்ளி ஆசிரியரை மறுபடி வரவழைத்தார்கள். டவரம்மாவே சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. நான் ஏரிக்குத் தெற்கே இருக்கச் சொன்னதற்குப் பயிற்சி விமானி தாமதமாகத்தான், நான் 318-க்குப் பேசத் தொடங்கிய அதே நேரத்தில், பதில் பேசப் பொத்தானை அழுத்தினானாம். என்ன சொல்வதென்று தெரியாமல் பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே தடுமாறினானாம். "பேச வேண்டாம், இந்தம்மாவுக்குத் தட்டினாலே போதும்" என்று இவர் சொல்ல, கையை எடுத்துவிட்டு இரண்டு தட்டு தட்டினானாம். அந்த ஏழு வினாடியும் அவன் பொத்தான் அழுந்தியே இருந்திருக்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கேட்கிறவர் காதில் கீச்சென்ற சத்தம்தான் விழும். என் ஏழாயிரம் அதற்கு அடியில் போய்விட்டது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறெதுவும் கேட்காது, கருவியின் அமைப்பு அப்படி.

மார்ச் 26, வியாழன்

முத்தரசிக்குக் கடைசிப் பரீட்சை. வந்ததும் அவளிடம் சொன்னேன், லீவு இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. "தெரியும்மா. கண்ணப்பன் அங்கிள் பொண்ணு என் கிளாஸ்தான்" என்றாள். மூன்று வாரமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தீர்ப்பு எழுத்தில் வந்தது. "ஏழாயிரம் அடி உத்தரவு 318-ஐச் சென்றடையவில்லை" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். கேப்டன் டைட்டஸ் உத்தரவை மீறினார் என்ற குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. ஆனால் விசாரணையில் மாற்றி எழுதிக் கொடுத்ததற்காக ஆறு மாதம் பறக்கத் தடை. ஆகஸ்டில் அவருக்கு ஓய்வு. ஆக இனி அவர் பறக்கப் போவதில்லை. நான் வாயைத் திறந்ததில் அவருக்குக் கிடைத்ததும் போனதும் ஒரே தாளில் இருக்கின்றன.

எனக்கு ராடார் உரிமம் ரத்து. விமானங்களின் பயணத் திட்டக் காகிதங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றம். ஜன்னல் இல்லாத அறை, மைக்கும் கிடையாது. நான் அழுதேன். இருபத்தொரு வருடம். அழாமல் இருந்தேன் என்று இங்கே எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 8, புதன்

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீர்ப்பின் முதல் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டேன். அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எண்ணம். படிக்கட்டில் ஏறும்போதே தெரிந்தது, காகிதம் கொடுக்கிற வேலை இல்லை இது.

ஷெரினை உட்கார வைத்திருந்தார்கள். இடது காலில் தாங்கி மாட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லலம்மா. அவர் கேக்கல. நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவே இல்ல. சேந்துச்சான்னு பாக்கவேண்டியவ நான். பாக்கல. தட்டச் சொல்லிப் பழக்குனதும் நான்தான்."

அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, மாற்ற மறந்ததுபோல. "அவரு பொய் சொல்லல" என்றாள்.

"இல்ல."

"நீங்க அன்னைக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஷெரினின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஷெரின் அழவில்லை. தாங்கி போட்ட காலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"மூணரை வாரம் மேடம்" என்றாள். "தெனம் கீழ வந்து உக்காந்திருக்காரு. அம்மா வந்து சொல்லும்போதெல்லாம், நடிக்கிறாருன்னு நெனச்சேன்."

மன்னித்துவிடு என்று கேட்க வாய் எடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அம்மாவிடம் மணி என்ன என்று கேட்டாள். நான்காக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"என்னைய எழுப்பி நிறுத்தும்மா. நான் கீழ போறேன்."

"டாக்டரு இன்னும் படி எறங்கச் சொல்லலியே மக்ளே."

"லிப்டுல போலாம்."

அம்மா ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மறுபக்கம் நான் கை நீட்டினேன். ஷெரின் என் கையைப் பார்த்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான் வைத்தாள். லிப்டில் மூன்று பேருக்கும் இடம் இருந்தது. நான் ஏறவில்லை.

படியில் இறங்கி வந்தபோது அவர்கள் எனக்கு முன்பே கீழே இருந்தார்கள். டைட்டஸ் பெஞ்சில் இருந்து எழுந்து, கையில் பேப்பரோடு, அவள் நடந்து வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கால் ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் அவர் உதடு அசைந்தது, அடிகளை எண்ணினார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் போனதும் ஷெரின் ஏதோ சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை.

அவர்கள் இருந்தது முன்வாசல் பக்கம். நான் மருந்துக்கடை வழியாகச் சுற்றி வெளியே வந்து பஸ் ஏறினேன்.